மணல் நட்சத்திர மீனைத் துப்புரவுக்கு என்று விற்காதீர்கள்

கடல்மீன் டேங்க் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் மாதம் இரண்டு முறையாவது வந்து, ஒன்றும் வாங்காமல் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் ஆட்களில் நானும் ஒருவன். எந்தக் கடையில் வாங்கினேன் என்பதை விட்டுவிடலாம்.

என் டேங்க் மூன்றடி, சுமார் 190 லிட்டர். தண்ணீர் ஊற்றி இரண்டு மாதத்தில் மணல்மேல் பழுப்புப் படலம் படிந்தது. போய்க் கேட்டேன். "மணல் ஸ்டார் ஒண்ணு போடுங்க சார், எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்" என்றார்கள். போட்டேன். மணலுக்குள் அப்படியே அமிழ்ந்து அது காணாமல் போவதைப் பார்க்க வீடே கூடும். மணலும் பளிச்சென்று ஆனது. நான்காம் மாதம் ஒரு கையின் நுனி கரைந்திருந்தது, அடுத்த வாரம் இன்னொரு கை. நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அது பட்டினி.

மணல் ஸ்டார் என்று நீங்கள் விற்கும் இந்த அஸ்ட்ரோபெக்டன் வகை நட்சத்திர மீன் பாசியையோ அழுக்கையோ நம்பி வாழ்வதில்லை. அது வேட்டையாடி. மணலுக்குள் இருக்கும் குட்டி நத்தை, சிப்பி, புழு, பொடி இறால் இனங்களை முழுசாக விழுங்கும். அதற்கு ஆசனவாய் கிடையாது, தின்றதன் ஓடுகளை வாய் வழியாகவே துப்பிவிடும். மணலை உயிரோடு வைத்திருப்பவை அந்தப் பொடி உயிர்கள்தான். அவற்றைத் தின்று தீர்ப்பதற்குப் பெயர் துப்புரவா?

இதில் கொடுமை, நாங்கள் கடைக்கு ஓடிவரும் நேரம். அந்தப் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயட்டம் என்ற நுண்பாசி. புது டேங்கில் வரும், அதற்குத் தேவையான சிலிகேட் என்ற தாது நீரில் குறைந்தால் தானாகவே அடங்கும். அதாவது, மணலில் உயிரே சேராத நாளில்தான் இந்த மீனைக் கேட்டு வருகிறோம். கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். (விற்பனை ஒன்று குறையும், தெரியும்.)

வாங்கிய சில நாளிலேயே செத்தால் அது வேறு கதை. உடலுக்குள் உப்பின் அளவைச் சரிக்கட்ட இந்த இனத்தால் முடியாது. வாங்கி வந்த கவரை டேங்கில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு அப்படியே கொட்டினால் தாங்காது. சொட்டு சொட்டாக டேங்க் தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரமாவது பழக்க வேண்டும். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போட்ட டேங்கில் இதை விடவே கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? கவரைக் கட்டும்போது சொல்லலாமே.

விற்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 400 லிட்டருக்கு மேல், ஒரு வருடமாவது ஓடிய டேங்க், அகலமான மணல் பரப்பு, அதில் ஒரே ஒரு நட்சத்திர மீன் என்றால் கொடுங்கள். அப்போதும் மட்டித் துண்டை மணலில் புதைத்துத் தீனி கொடுக்கச் சொல்லுங்கள். மற்றவர்களிடம் டேங்க் எத்தனை அடி, போட்டு எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டு நசாரியஸ் நத்தையைக் காட்டுங்கள். மீந்த தீனியைத் தின்னும், மணலையும் கிளறும்.

கஸ்டமர் கேட்கிறார், கொடுக்கிறோம் என்பீர்கள். சரிதான். ஆனால் மூன்று நான்கு மாதம் கழித்துச் சாகிற மீனைப் பற்றி எவனும் திரும்பி வந்து புகார் சொல்வதில்லை. தன் கைராசி என்று நினைத்துக்கொண்டு, இன்னொன்று வாங்க வருவான். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டாவதும் போனபிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்.

இப்போது ஆறு நத்தைகள் இருக்கின்றன. மணல் அவ்வளவு வெள்ளை இல்லை. அடுத்த ஞாயிறு உப்பு வாங்க வருவேன், அப்போது பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்