பாப்பாவுக்கு: எந்தக் கணக்கில் மைல் சேர்ப்பது?

அன்புள்ள பாப்பா,

புது வேலையில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை விமானம் ஏற வேண்டியிருக்கும் என்று நீ சொன்னபோதே இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். பறக்கப் பறக்க மைல் என்று புள்ளி கொடுத்து, பிறகு அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்க விடும் திட்டங்களில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரா, யுனைட்டெட்டின் மைலேஜ் பிளஸ்ஸா, எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸா, எதில் சேரட்டும் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். டிக்கெட் கவுன்டரில் காலம் தள்ளியவளிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

முதலில், சேருவதற்குக் காசு கிடையாது. மூன்றிலும் இன்றைக்கே சேர்ந்துவிடு. யோசிக்க வேண்டியது வேறு: ஒவ்வொரு பயணத்தையும் எந்தக் கணக்கில் வரவு வைப்பது? ஒரு பயணத்தை ஒரு கணக்கில்தான் வைக்க முடியும். அதற்கான மைல் அங்கே ஏறிவிட்டால் பிறகு எடுத்து வேறு கணக்கில் போட முடியாது.

நிறையப் பேர் எந்த விமானத்தில் ஏறுகிறார்களோ அந்த நிறுவனத்தின் திட்டத்தில்தான் மைல் விழும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. லுஃப்தான்ஸாவில் பறந்துவிட்டு மைலைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் போடலாம், யுனைட்டெட்டின் மைலேஜ் பிளஸ்ஸிலும் போடலாம். மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பவை. 1997இல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது அது. 1999இல் ஒன்வேர்ல்டு வந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கேத்தே பசிபிக், குவான்டாஸ் எல்லாம் அந்தப் பக்கம். 2000இல் ஏர் பிரான்ஸ், டெல்டா, கொரியன் ஏர் முதலானவை சேர்ந்து ஸ்கைடீம் ஆயின. கூட்டணிக்குள் இருக்கும் எந்த விமானத்தில் பறந்தாலும் அதே கூட்டணியில் நீ விரும்பும் ஒரே கணக்கில் சேர்த்துக்கொண்டே போகலாம். எமிரேட்ஸ் இந்த மூன்று கூட்டணிகளில் எதிலும் இல்லை. அதனால் ஸ்கைவார்ட்ஸை மற்ற இரண்டோடு ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்காதே.

ஆக முதல் வேலை, உன் ஆபீஸ் எந்த விமானங்களில் டிக்கெட் போடுகிறது என்று பார்ப்பது. நீ அனுப்பிய பட்டியலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்ஸாவும் டர்கிஷ் ஏர்லைன்ஸும்தான் அதிகம். எமிரேட்ஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. யுனைட்டெட் இல்லவே இல்லை. இது எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, யாருமே கவனிக்காத அந்த ஒற்றை எழுத்து. டிக்கெட்டில் 'புக்கிங் கிளாஸ்' என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எகானமி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் உண்டு. ஒய் (Y) என்றால் பெரும்பாலும் முழு விலை டிக்கெட். அதற்குக் கீழே இறங்க இறங்க விலை குறையும், கூடவே கிடைக்கும் மைலும் குறையும். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இறங்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு ஆறாயிரம் மைலும் இன்னொருவருக்கு ஆயிரத்து ஐந்நூறும் விழும். மூன்றாவது ஆளுக்கு ஒன்றுமே விழாமல் போவதும் உண்டு. இதில் வேடிக்கை, ஒரே எழுத்துக்கு ஒரு திட்டம் நூறு சதவீதம் கொடுக்கும், கூட்டணியிலேயே இருக்கும் வேறொரு திட்டம் இருபத்தைந்து கொடுக்கும், இன்னொன்று கையை விரித்துவிடும். ஒவ்வொரு திட்டமும் தன் கூட்டாளி நிறுவனங்களுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. எந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். கவுன்டரில் இருந்த காலத்தில் விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு "இந்தத் திட்டம் நல்லதா மேடம்?" என்று கேட்பவர்களிடம், உங்கள் பழைய டிக்கெட்டைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். எழுத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஆபீஸ் டிக்கெட் என்பதால் உனக்கு ரொம்ப அடிமட்ட எழுத்து வராது என்று நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சில திட்டங்கள் பறந்த தூரத்துக்கு மைல் கொடுக்கின்றன, சில நீ கொடுத்த காசுக்கு. 2015இல் டெல்டாவும் யுனைட்டெட்டும், அடுத்த வருஷம் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் தங்கள் சொந்த டிக்கெட்டுகளுக்குக் காசுக் கணக்குக்கு மாறிவிட்டன. கிரிஸ்ஃப்ளையர் இன்னும் தூரத்தையும் எழுத்தையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. தூரமான ஊருக்கு மலிவான டிக்கெட்டில் போகிறவர்களுக்குத் தூரக் கணக்கு லாபம். கிட்டத்தில் இருக்கும் ஊருக்குக் கடைசி நிமிஷத்தில் அநியாய விலை கொடுத்துப் பறப்பவர்களுக்குக் காசுக் கணக்கு லாபம்.

சேர்ப்பது போகட்டும். செலவழிப்பதில்தான் திட்டங்களின் குணம் தெரியும்.

மைலேஜ் பிளஸ் மைலுக்குக் காலாவதி கிடையாது, 2019இல் எடுத்துவிட்டார்கள். கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருஷத்தில் செத்துவிடும், நடுவில் எத்தனை முறை பறந்தாலும் சரி. கட்டணம் கட்டினால் ஆறு மாதம் நீட்டிக்கொடுப்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட் முழுக்க இலவசம் என்று நினைக்காதே. விமான நிலைய வரிகளை எப்படியும் கட்ட வேண்டும். அதற்கு மேல் சில நிறுவனங்கள் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒன்று போடும். லுஃப்தான்ஸாவிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் அந்தத் தொகையைப் பார்த்தால் இதற்குக் காசு கொடுத்தே டிக்கெட் எடுத்திருக்கலாமே என்று தோன்றும். மைலேஜ் பிளஸ் மைலில் எடுத்தால் அந்தக் கட்டணத்தை நம் தலையில் கட்டுவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு 2017இல் அதை நீக்கிவிட்டது. ஆனால் கிரிஸ்ஃப்ளையர் மைலைக் கொடுத்து லுஃப்தான்ஸாவில் சீட்டு எடுத்தால் கட்டத்தான் வேண்டும்.

இதுவரை படித்தால் மைலேஜ் பிளஸ்தான் நல்லது போல இருக்கும். உன் விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ ஆசைப்படுவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிசினஸ் கிளாஸில் படுத்துத் தூங்கிக்கொண்டு போக. நீண்ட தூர விமானங்களில் அந்தச் சீட்டுகளைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெரும்பாலும் தன் கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கிறது. கூட்டாளித் திட்டங்களின் கண்ணுக்கு அவை தென்படுவதே அபூர்வம். வேறு சில நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன. அதனால் எதில் உட்கார ஆசை என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து கணக்கைத் தேர்ந்தெடு. கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேரைப் பெயர் கொடுத்துப் பதிந்து வைத்து அவர்களுக்கும் உன் மைலில் டிக்கெட் எடுக்கலாம். அந்த ஐந்தில் அப்பாவும் நானும் இருப்போம் என்று நம்புகிறேன்!

இனி தங்க அட்டை, அதாவது நிறையப் பறப்பவர்களுக்கு இந்தத் திட்டங்கள் கொடுக்கும் உயர்ந்த தகுதி. ஆபீஸில் யாரோ பையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடிக்கடி பறப்பவர்களுக்கு மைலைவிட அதுதான் உபயோகம். ஸ்டார் அலையன்ஸ் கோல்டு கையில் இருந்தால் எகானமி டிக்கெட்டிலும் விமான நிலையத்து ஓய்வறையான லவுஞ்சுக்குள் போகலாம், கூடுதல் பெட்டி கொண்டுபோகலாம், விமானம் ரத்தானால் காத்திருப்போர் பட்டியலில் முன்னால் நிற்கலாம். கிரிஸ்ஃப்ளையரில் பன்னிரண்டு மாதத்துக்குள் 50,000 எலைட் மைல் (அட்டைத் தகுதிக்கென்று தனியாக எண்ணும் மைல்) சேர்த்தால் அது கிடைக்கும், கூட்டணியின் மற்ற விமானங்களில் பறந்ததும் கணக்கில் வரும். மைலேஜ் பிளஸ்ஸிலோ மற்ற கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும் வருஷத்துக்குக் குறைந்தது நான்கு முறை யுனைட்டெட் விமானத்திலேயே பறந்திருக்க வேண்டும். உன் பட்டியலில் யுனைட்டெட் இல்லை என்று முன்னால் சொன்னேனே, அது இதற்குத்தான். எவ்வளவு பறந்தாலும் அந்தக் கணக்கில் உனக்கு அட்டை வராது.

யுனைட்டெட் கதையில் இன்னொரு கூத்தும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் யுனைட்டெட்டின் சொந்த கோல்டு உறுப்பினரை அந்த அட்டைக்காக மட்டும் அவர்களுடைய லவுஞ்சுக்குள் விட மாட்டார்கள். வேறு நிறுவனத்தின் ஸ்டார் கோல்டு அட்டையோடு போனால் விடுவார்கள். வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத பலகாரம் விருந்தாளிக்கு!

அட்டை ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருஷக் கடைசியில் எங்கள் கவுன்டருக்கு ஒருவர் வருவார். நல்ல வேலையில் இருந்தவர். "எங்கே சார் போகணும்?" என்று கேட்டால், "எங்கேயாவது போடுங்க, பன்னிரண்டாயிரம் மைல் வரணும்" என்பார். அட்டை கைவிட்டுப் போகாமல் இருக்க அவ்வளவுதான் பாக்கி. நேராகப் போகும் விமானத்தை விட்டுவிட்டு மூன்று இடத்தில் மாறிப் போகும் டிக்கெட்டாகக் கேட்டு வாங்குவார். போய் இறங்கி, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே அடுத்த விமானத்தில் திரும்புவார். லவுஞ்சில் கிடைக்கும் இலவசக் காபிக்காக மனுஷன் இவ்வளவு செலவு செய்கிறாரே என்று நாங்கள் பின்னால் பேசிக்கொள்வோம். டிக்கெட் போடும் எங்களுக்கு வருமானம்தான், குறை சொல்ல முடியாது. நீ அந்த வரிசையில் வந்து நிற்காதே. ஆபீஸ் காசுதானே என்று, மைலுக்காக விலை கூடிய விமானத்தைக் கேட்டு வாங்காதே. கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிடும்.

இந்தத் திட்டங்களை நடத்துவது யாருடைய லாபத்துக்கு என்பதும் தெரிந்திருக்கட்டும். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டமான ஏஅட்வான்டேஜைத் தொடங்கியது. சில நாளிலேயே யுனைட்டெட் மைலேஜ் பிளஸ்ஸைக் கொண்டுவந்தது. அப்போது அது வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போய்விடாமல் பிடித்து வைக்கும் தந்திரம். இப்போது மைலை வங்கிகளுக்கு மொத்தமாக விற்பதே தனி வியாபாரம். கிரெடிட் கார்டில் நீ தேய்க்கும்போது விழும் மைல் அப்படி வாங்கப்பட்டதுதான். கொரோனா காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது இந்தத் திட்டங்களை அடமானம் வைத்து 2020இல் யுனைட்டெட் 680 கோடி டாலரும் டெல்டா 900 கோடி டாலரும் திரட்டின. மறு வருஷம் அமெரிக்கன் 1,000 கோடி டாலர். அவ்வளவு மதிப்பு!

ஆனால் மைலை அச்சடிப்பவரும் அதன் விலையைத் தீர்மானிப்பவரும் ஒரே ஆள். நேற்று இத்தனை மைல் என்று இருந்த சீட்டு நாளைக்குக் கூடுதலாகக் கேட்கும். நாம் ஒன்றும் செய்ய முடியாது. டெல்டாவும் யுனைட்டெட்டும் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டன. அன்றன்றைக்கு என்ன காட்டுகிறதோ அதுதான் விலை. 2001இல் ஆஸ்திரேலியாவின் ஆன்செட் நிறுவனம் விழுந்தபோது அதில் பாயிண்ட் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆகவே பெரிதாகச் சேர்த்து வைத்து ஓய்வு பெற்ற பிறகு உலகம் சுற்றலாம் என்ற திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு நல்ல டிக்கெட்டுக்கு வேண்டியது சேர்ந்ததும் எடுத்துவிடு. கிரிஸ்ஃப்ளையரின் மூன்று வருஷக் கெடு உன்னைப் போல் தள்ளிப்போடும் ஆளுக்கு நல்லதுதான் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கிரெடிட் கார்டு பாயிண்டை மட்டும் வங்கியிலேயே விட்டுவை. பல திட்டங்களுக்கு மாற்றும் வசதி இருக்கும்வரை அதற்கு மதிப்பு. ஒன்றுக்கு மாற்றிவிட்டால் திரும்ப வராது. சீட்டு இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மாற்று.

எடுக்கும்போது ஒரு சின்னக் கணக்கு. காசு கொடுத்து வாங்கினால் என்ன விலையோ அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்குக் கட்டும் வரியைக் கழி. மீதியை மைல் எண்ணிக்கையால் வகு. ஒரு மைலுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். சிறிய தூர எகானமிக்கு அது அற்பமாக வரும். அங்கே காசையே கொடு. நீண்ட தூர பிசினஸ் கிளாஸுக்குச் செலவழித்தால் பல மடங்கு வரும்.

ஆக உனக்கு கிரிஸ்ஃப்ளையர். ஸ்டார் அலையன்ஸில் எதில் பறந்தாலும் அந்த எண்ணையே கொடு. எமிரேட்ஸில் போகும்போது ஸ்கைவார்ட்ஸ் எண்ணைக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடு, சேர்ந்தால் சேரட்டும். அடுத்த வருஷம் ஆபீஸ் வேறு கூட்டணி விமானங்களுக்கு மாறினால் என் பேச்சும் மாறும். விதிகள் அவ்வப்போது மாறுகிறவை, சேரும் அன்றைக்கு 50,000 என்பது அப்படியே இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்.

பதிவு செய்யும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடு. இனிஷியல் இடம் மாறினாலும் மைல் ஏறாமல் தொங்கும். மைல் கணக்கில் விழும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதே, விழவில்லை என்றால் கேட்பதற்குச் சில மாதக் கெடுதான் உண்டு. அடுத்த டிக்கெட் வந்ததும் அந்த ஒற்றை எழுத்தை எனக்கு அனுப்பு, அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா