நாலு நாள்

உ
சிவமயம்

பள்ளத்தூர்
18-6-2023

அன்பு மகன் தம்பிக்கு உன் அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் ஆத்தாவும் நலம். ஆனி பிறந்தும் வெயில் தணிந்தபாடில்லை. பகலெல்லாம் வீட்டு இரண்டாம் கட்டுக்குள்ளேதான் கிடக்கிறோம்.

போனில் பேசினால் "சரி அப்பச்சி, பார்க்கலாம் அப்பச்சி" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன் மகள் பனித்தளத்தில் சறுக்கி ஆடுகிற ஐஸ் நடனத்தைப் பற்றியும், அவளோடு ஆடுகிற பையனைப் பற்றியும்தான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜூனியர் போட்டிக்கான வயது விதிகளை அவளிடம் கேட்டு வாங்கி, அரசாணை படிக்கிற மாதிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஜூலை 1ஆம் தேதிக்கு முன்னால் 13 வயது நிறைந்திருக்க வேண்டும், பெண்ணுக்கு 19 நிறைந்திருக்கக் கூடாது, ஜோடியாக ஆடுகிற ஆணுக்கு 21 நிறைந்திருக்கக் கூடாது. இதை நான் என்னவென்று புரிந்துகொண்டேன் தெரியுமா? பையனுக்கு 21 வயது முழுக்க இடம் உண்டு, 22 பிறந்தால்தான் வெளியே என்று. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வயதுக் கணக்கு எழுதியவன் நான்! உன் மகள்தான் சிரித்துவிட்டு, "ஐயா, 2002 ஜூலை 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்கதான் இந்த சீசன்ல ஜூனியர்" என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தாள். பையன் பிறந்தது அந்த வருஷம் ஜூன் 27. நாலு நாள்.

அந்தத் தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு நான் பாஸ்போர்ட்டைக்கூடப் புதுப்பித்துவிட்டேன். ஊர் ஊராக நடக்கிற ஜூனியர் கிராண்ட் பிரி போட்டித் தொடர் ஆகஸ்ட் 23 அன்று பாங்காக்கில் ஆரம்பம் என்று பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சென்னையில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். உன் ஐயா, அதாவது என் அப்பச்சி, ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனவர். நான் மதுரையைத் தாண்டிக் கிழக்கே எங்கும் போனதில்லை (மதுரை மேற்கே இருக்கிறது என்று ஆத்தா திருத்துகிறாள்). பேத்தி ஆடுவதை ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சரி, அது போகட்டும்.

இப்போது நீ சொல்கிற யோசனைக்கு வருகிறேன். பையன் வயதைத் தாண்டிவிட்டான், இவளுக்கு 16தான், 2006 நவம்பரில் பிறந்தவளுக்கு 2025-26 சீசன் வரைக்கும் ஜூனியரில் இடம் இருக்கிறது, ஆகவே வேறொரு சின்னப் பையனைப் பிடித்து மூன்று சீசன் ஜூனியரில் ஆடவிட வேண்டும் என்கிறாய். கணக்குப்படி நீ சொல்வது சரிதான், குறை சொல்ல முடியாது.

நம் பக்கத்துப் புள்ளிக் கணக்கு உனக்கு நினைவிருக்கும். கோயில் வரி எழுதும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. ஐஸ் நடனத்திலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வயது பொருந்தினால்தான் பெயரே ஏறும். ஒருவருக்கு நாலு நாள் கூடிப்போனால் மற்றவர் அரைப்புள்ளி. (ஐயா கல்யாணக் கணக்கையெல்லாம் இழுக்கிறாரே என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதே. ஆத்தாவுக்கு ஏற்கெனவே அந்தப் பையன் கையைப் பிடிப்பதே வயிற்றைக் கலக்குகிறது.)

என் பிறந்த தேதிக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஜாதகத்தில் நான் பிறந்தது 1955 மார்கழி. 1960 ஜூனில் என்னைச் சேர்க்கக் கூட்டிப்போனபோது எனக்கு நாலரை வயது. அப்போதெல்லாம் சான்றிதழ் ஏது? வாத்தியார் என்னை நிற்கவைத்து, வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்றார். விரல் காதுக்கு மேலே முடியில் நின்றுவிட்டது. நான் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து எக்கிப் பார்த்தேன். உன் ஐயா பின்னால் இருந்து என் முழங்கையை மெல்லத் தள்ளினார். விரல் நுனி பட்டது. "பட்டிருச்சு" என்றார் ஐயா. வாத்தியாரும் சிரித்துக்கொண்டே 1-6-1955 என்று எழுதிவிட்டார்.

அதற்கு அப்புறம் எல்லாம் அந்தத் தேதிதான். வகுப்பிலேயே நான்தான் சின்னவன், கபடியில் என்னை யாரும் சேர்க்க மாட்டார்கள். கடைசியில் 58 முடிந்தது என்று 2013 மே 31 அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். மார்கழித் தேதி இருந்திருந்தால் டிசம்பரில் முடிந்து, கல்வியாண்டு முடியும் வரை நீட்டிப்பும் கிடைத்திருக்கும். உள்ளே நுழைய ஆறு மாதம் ஏய்த்தோம், வெளியே போகும்போது ஒரு வருஷம் பிடித்துக்கொண்டார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத் தேதி எழுதியது இந்தக் கைதான். அதனால்தான் ஜூலை 1 என்று பார்த்ததும் எனக்கு ஒரு சிரிப்பு. எந்தத் தேதியில் கோடு போட்டாலும் அதற்கு நாலு நாள் இந்தப் பக்கம் ஒருத்தன் நிற்பான்.

அந்தப் பக்கம் நின்றவர்களும் உண்டு. இந்த மார்ச் மாதம் ஜப்பானில் சைதாமாவில் உலகப் பட்டம் வாங்கினார்களே, மேடிசன் சாக், இவான் பேட்ஸ், அந்தப் பெண் பிறந்தது 1992 ஜூலை 2. ஒரே நாள் முன்னால் பிறந்திருந்தாலும் தேதி ஜூலை 1தான், கோட்டுக்கு உள்ளேதான். இரண்டு நாள் முந்தியிருந்தால் ஒரு வருஷம் மூத்தவள் ஆகியிருப்பாள். பட்டம் வாங்கியபோது அவளுக்கு 30, அவனுக்கு 34. இந்த ஆட்டத்தில் ஜூனியர் வயது என்பது வாசற்படிதான், வீடு உள்ளே இன்னும் நீளமாகக் கிடக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு எதிராகவும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அந்த சாக்கும் பேட்ஸும் ஜூனியரில் ஜோடி இல்லை. அவன் 2008இல் வேறொரு பெண்ணோடு ஜூனியர் உலகப் பட்டம் வாங்கினான், அவள் 2009இல் வேறொரு பையனோடு வாங்கினாள். இருவரும் சேர்ந்தது 2011இல்தான். ஆகவே ஜோடி மாறினால் குடி முழுகிவிடும் என்று நான் சொல்ல முடியாது. அதே சமயம் உங்கள் டெட்ராய்ட் பக்கமே கேன்டனில் பயிற்சி எடுத்த இரண்டு ஜோடிகளைப் பார். கனடாவின் டெசா வர்ச்சூவும் ஸ்காட் மோயரும், அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி ஒயிட்டும். இரண்டு ஜோடியுமே 1997இல் பிள்ளைகளாகச் சேர்ந்தவர்கள். 2006 ஜூனியர் உலகப் போட்டியில் கனடா ஜோடிக்குத் தங்கம், அமெரிக்க ஜோடிக்கு வெண்கலம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அவர்கள் முதல், இவர்கள் இரண்டாவது. 2014 சோச்சியில் அப்படியே தலைகீழ். கடைசிவரை யாரும் யாரையும் விடவில்லை.

போன வாரம் நீ அனுப்பிய வீடியோவை ஆத்தாவும் நானும் நாலு தடவை பார்த்தோம். ஒற்றைக் காலில் சுற்றிக்கொண்டே நகர்கிறார்களே, டுவிசில் என்று ஏதோ பெயர் சொன்னாள், அந்த இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரே சாட்டையில் இரண்டு பம்பரத்தை விட்ட மாதிரி இருந்தது. இடைவெளி ஒரு முழம், கூடவில்லை, குறையவில்லை. மூன்றாவது சுற்றில் அவளுக்குக் கால் கொஞ்சம் தடுமாறுகிறது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் தன் சுற்றை ஒரு இம்மி தாமதப்படுத்தி அவளோடு வந்து சேர்கிறான். நடுவர்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அஞ்சு வருஷம் உட்கார்ந்த பிள்ளைகளிடம்தான் அதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன தேதி போட்டுக் கணக்கெடுப்பாய்?

இனி வருகிற சீசனைப் பார்ப்போம். ஜூனியரில் இடம் லேசாகக் கிடைக்கும் என்று நீ நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சிலிருந்து ரஷ்ய, பெலாருஸ் ஜோடிகளைச் சர்வதேசப் போட்டிகளில் சேர்ப்பதில்லை. மேல்வரிசையில் அவர்கள் அடைத்து நின்ற இடம் காலி. இந்த வருஷம் கால்கரியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் செக் நாட்டு உடன்பிறப்பு ஜோடி தங்கமும், கொரியாவுக்கு ஆடும் ஜோடி வெள்ளியும் வாங்கியது. ஆனால் ஜூனியர் கிராண்ட் பிரியின் ஏழு ஊர்ப் போட்டியில் ஒரு ஜோடிக்கு அதிகம் போனால் இரண்டுதான். இரண்டிலும் நன்றாக ஆடி முதல் ஆறுக்குள் வந்தால் டிசம்பரில் பெய்ஜிங் இறுதிப் போட்டி. புது ஜோடி ஒன்று ஜூலையில் கை கோத்து ஆகஸ்டில் இதற்குத் தயாராகிவிடுமா? இந்த சீசன் எப்படியும் போயிற்று. நீ சொல்லும் மூன்று உண்மையில் இரண்டுதான். அந்த இரண்டும் கையில் இருப்பதாக நினைக்காதே. 2020இல் கொரோனாவால் ஜூனியர் தொடர் முழுசாக நின்றது, 2021 ஜூனியர் உலகப் போட்டியும் நடக்கவில்லை. கடைசி வருஷத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த வயது திரும்பி வரவில்லை.

சீனியருக்குப் போனால் கஷ்டம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அமெரிக்காவுக்கு உலகப் போட்டியில் மூன்று ஜோடிக்குத்தான் இடம், அந்த வரிசை அனுமார் வால் மாதிரி நீள்கிறது. இரண்டு வருஷம் வெளிநாட்டு வாய்ப்பே வராமலும் போகலாம். இரண்டாவது ஆட்டமான ஃப்ரீ டான்ஸ் மூன்றரை நிமிஷம் நாலு நிமிஷமாகிறது. அந்த அரை நிமிஷத்துக்கு மூச்சு வேண்டும். ஆனால் வாசல் திறந்திருக்கிறது. போன வருஷம் ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தார் தாய்லாந்தில் கூடி, சீனியருக்குக் குறைந்த வயதை 15இலிருந்து இந்த சீசன் 16, அடுத்த சீசன் 17 என்று ஏற்றினார்களே, அந்த இரண்டு படியிலும் இவள் தட்டாமல் ஏறிவிடுகிறாள். நவம்பரில் பிறந்த புண்ணியம்.

அத்தனை வருஷப் பள்ளிக்கூடத்தில் டபுள் பிரமோஷன் கொடுத்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன், அதே வகுப்பில் இருத்திவைத்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். மேலே போனவன் கொஞ்ச நாள் முழிப்பான், அப்புறம் பிடித்துக்கொள்வான். கூட்டாளியைப் பிரித்து வேறு வகுப்பில் போட்ட பிள்ளைதான் சன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். என் ஓட்டு அவர்கள் இருவரும் சேர்ந்து மேலே போவதற்கு. ஆனால் அது என் ஓட்டு. நீ அவளை உட்காரவைத்துக் கேட்டாயா? அந்தப் பையனைக் கேட்டாயா? அவன் வீட்டில் என்ன நினைக்கிறார்கள்? இத்தனை நாள் பேச்சில் உன் வாயிலிருந்து "வயசு", "சீசன்", "செலவு" மூன்றும்தான் வந்தது. செலவு என்றால் அதை நேராகச் சொல். கானாடுகாத்தான் பாதையில் இருக்கிற நிலத்தைப் பற்றி ஆத்தாவும் நானும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம், இந்த சீசன் முதல் ஆட்டமான ரிதம் டான்ஸுக்கு 1980களின் இசையாமே. "ஐயா, எய்ட்டீஸ்ல நீங்க என்ன கேட்டீங்க?" என்று கேட்டாள். சின்னையா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டர் மேல்மாடியில்தான் இருக்கிறது. காரைக்குடிக் கடையில் பாட்டுப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய கேசட்டுகளும் இருக்கின்றன. முக்கால்வாசி இளையராஜா. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், நாடா சிக்கிக்கொண்டது, பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தேன். அமெரிக்க நடுவர்களுக்கு அது ஆகுமோ ஆகாதோ, தாளம் மட்டும் அவள் காலுக்குச் சரியாக இருக்கும். போனில் பதிந்து அனுப்புகிறேன், அந்தப் பையனையும் கேட்கச் சொல்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர் வருகிற வெள்ளிக்கிழமை டெட்ராய்ட் கிளம்புகிறார். ஆத்தா மணகோலமும் சீப்புச் சீடையும் இரண்டு டப்பாவாகக் கட்டி வைத்திருக்கிறாள். ஒன்று நம் பிள்ளைக்கு. இன்னொன்று அந்தப் பையனுக்கு, 27ஆம் தேதி பிறந்தநாள் இல்லையா. அவனுக்குத் தேங்காய் எண்ணெயில் சுட்டது ஆகுமா என்று புதன்கிழமைக்குள் கேட்டுச் சொல், ஆத்தா நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு
அப்பச்சி