நங்கூரக் கயிறு எத்தனை மீற்றர்?

அன்புள்ள மகள்,

நீ வாங்க நினைக்கிற படகென்று அனுப்பிய படங்களை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 18 அடி ஃபைபர் படகு, பின்னால் 60 குதிரைவலு எஞ்சின். வடிவான படகுதான். தொலைபேசியில் "எப்படி அப்பா?" என்று ஆசையாகக் கேட்டாய். நான் "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். உனக்கு முகம் வாடியிருக்கும். கதைக்கும்போது எனக்குச் சொல்ல வேண்டியது ஒழுங்காக வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

படகு ஆசை எங்கே இருந்து வந்தது என்று அம்மா கேட்டபோது நீ ஒன்று சொன்னாய். "சின்னனில் ஒருநாள் எங்கள் படகை வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்ததே, அந்த மாமா எனக்குச் சொக்லேட் தந்தாரே, அது மாதிரி நல்ல நாள் எனக்கு வரவே இல்லை" என்றாய். அம்மா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாள் என்ன நாள் என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது.

2003 செப்டெம்பர், ஒரு சனிக்கிழமை. உனக்குப் பத்து வயது. நம் 14 அடிப் படகு, பழைய 15 குதிரைவலு எஞ்சின். காலையில் இங்கே வட நோர்வேயில் போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. தென்மேல் காற்று மெல்லத்தான் அடித்தது. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் உன் அப்பப்பா சோழகம் என்கிற தென்மேல் காற்றைப் பற்றிச் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர்க் கரை வடக்குப் பார்த்தது. சோழகம் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், அதனால் கரையோரம் தட்டையாகத் தெரியும். கரையில் நின்று பார்த்தால் கடல் கூப்பிடும். வெளியே போகப் போகத்தான் அலை எழும்பும், அப்போது காற்று முதுகுக்குப் பின்னால் இருக்காது, திரும்பி வரும்போது முகத்துக்கு எதிரே நிற்கும். இதைப் பத்து வயதிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். ஃபியோர்ட் என்றால் நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடல்தானே, போட்ஸ்ஃபியோர்டின் வாயும் வடகிழக்கே பேரன்ட்ஸ் கடலைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. அதே காற்று, அதே ஏமாற்று. தெரிந்திருந்தும் உன்னை ஏற்றிக்கொண்டு போனேன்.

ஃபியோர்டின் வாயை நெருங்கும்போது எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், உள்ளங்கை தோல் உரிந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. கோடை முழுக்கப் பெற்றோல் தாங்கியைப் பாதி நிரப்பி விட்டிருந்தேன். வெறும் பாதியில் ஈரம் வேர்த்து, தண்ணீர் அடியில் தேங்கி, அது எஞ்சினுக்குள் போய்விட்டது. தண்ணீரைப் பிரிக்கிற வடிகட்டி அந்த நாளில் என்னிடம் இல்லை. வாங்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நங்கூரம் போடுவோம் என்று தூக்கிப் போட்டேன். கயிறு ஓடியது, ஓடியது, முடிந்தது. நங்கூரம் அடியைத் தொடவில்லை. கயிறு 30 மீற்றர். ஆழமானி 46 காட்டியது. நங்கூரம் தண்ணீரில் தூக்குக் குண்டு மாதிரித் தொங்க, காற்று நம்மை வெளியே தள்ளிக்கொண்டே போனது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கேதானா மீன் பிடிக்கப் போகிறோம்?" என்று கேட்டாய். ஓம் என்றேன். நீ தூண்டிலை இறக்கி ஒரு ஸேய் மீன் பிடித்தாய். நான் இருந்த ஒரேயொரு துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறித் தள்ளிக்கொண்டிருந்தேன். உனக்கு உயிர்காப்பு அங்கி போட்டிருந்தேன். என்னுடையது இருக்கைக்கு அடியில் மடித்துக் கிடந்தது. கைத்தொலைபேசி வீட்டில் சார்ஜில் இருந்தது. நீ பாட்டுப் பாடினாய். என்ன பாட்டு என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது.

வெளியே இருந்து மீனோடு வந்த ஒரு மீன்பிடிப் படகு நம்மைக் கண்டது. அந்த மனிதர் கயிறு எறிந்தார், கட்டினேன். உனக்குச் சொக்லேட் தந்தார். துறைமுகத்துக்குள் வந்த பிறகு என் நங்கூரக் கயிற்றைப் பார்த்து, "எத்தனை மீற்றர்?" என்று மட்டும் கேட்டார். முப்பது என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது தன் படகிலிருந்து ஒரு பெரிய கயிற்றுச் சுருளைத் தூக்கி நம் படகில் போட்டுவிட்டுப் போனார்.

அந்த நாள் உனக்கு நல்ல நாளாக நினைவில் இருக்கிறதே, அதைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த நாளை நம்பி நீ படகு வாங்குகிறாய் என்றால், படகுக்குள் என்ன குறைவாக இருந்தது என்று நீ தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

இனிப் படகுக்கு வருகிறேன். படத்தில் பளபளப்பைத்தான் காட்டியிருக்கிறார்கள், நீ பார்க்க வேண்டியது எஞ்சின் தொங்குகிற பின்பலகையை. பழைய ஃபைபர் படகுகளில் அதற்குள்ளே மரம் இருக்கும். திருகாணி போட்ட துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே ஊறிப்போகும். ஒரு சின்னச் சுத்தியலின் பிடியால் இடம் இடமாகத் தட்டிக்கொண்டு போ. நல்ல மரம் 'டக் டக்' என்று கெட்டியாகச் சொல்லும். ஊறின இடம் ஈரச் சாக்கைத் தட்டியது போல 'பொத்' என்று சொல்லும். பிறகு எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. பின்பலகை சேர்ந்து அசைந்தால் விலையைப் பேசாதே, வீட்டுக்கு வந்துவிடு.

எஞ்சினின் அடிக் கியர் எண்ணெயைக் கொஞ்சம் திறந்து பார்க்கச் சொல். பால்தேநீர் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சினைக் குளிரில் முதல்முறை உன் கண் முன்னால் தொடங்கச் சொல். "நான் முதலே சூடாக்கி வைத்தேன்" என்றால் இன்னொரு நாள் போ. எஞ்சின் இலக்கத்தை எழுதி எடு, களவு போன எஞ்சின்கள் கைமாறுவது புதிதில்லை. படகின் தகட்டில் எழுத்து ஒன்று இருக்கும். C என்றால் காற்று விசை ஆறு, இரண்டு மீற்றர் அலை வரை என்று கட்டிய படகு. D என்றால் குளத்துக்கும் ஒதுக்கமான ஓடைக்கும்தான். நீ இருக்கிற பூடோவில் லாண்டெகோ தீவைத் தாண்டினால் வெஸ்ட்ஃபியோர்ட் வாய் பிளந்து நிற்கிறது. D வேண்டவே வேண்டாம்.

படகோட்டுனர் பரீட்சையைப் பற்றி நீ சலித்துக்கொண்டாய். 1980இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 25 குதிரைவலுவுக்கு மேலோ 8 மீற்றருக்கு மேலோ ஓட்டினால் அது கட்டாயம். உன் எஞ்சின் 60. என் வயதுக்காரருக்குச் சட்டம் கேட்பதில்லை. ஆனாலும் 2003க்குப் பிறகு நான் போய் இருந்து படித்தேன். பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் எந்தப் பக்கம், கடல் வரைபடத்தில் சின்னச் சிலுவை என்ன என்று நாற்பது வயதில் படித்தேன். அந்தச் சிலுவைகள்தான் பாறைகள், மகள். நீ இருக்கிற பக்கத்தில் கரைக்கு வெளியே அவை மிளகு தூவியது போல இருக்கும்.

உன் பக்கத்துச் சால்ட்ஸ்ட்ரௌமன் கால்வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உன் சிநேகிதர்கள் அங்கே மீன் நன்றாகக் கிடைக்கும் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். கிடைக்கும்தான். மூன்று கிலோமீற்றர் நீளம், 150 மீற்றர் அகலமான கால்வாய்க்குள்ளே ஒரு முழு ஃபியோர்டின் தண்ணீர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் திசை மாறி உள்ளேயும் வெளியேயும் ஓடுகிறது. உச்சத்தில் மணிக்கு 20 கடல் மைல் வரை ஓடும் நீரோட்டம். நீர்ச்சுழி வாய் திறந்து நிற்கும். வற்றும் பெருகும் நேரத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் தண்ணீர் அமைதியாக நிற்கும், அந்த நேரத்தை அட்டவணையில் பார்த்து வைத்துக்கொண்டு போகிறவர்கள் போகிறார்கள். நீ முதல் இரண்டு வருடம் கரையில் நின்று தூண்டில் போடு. அங்கே கரையிலிருந்தே பெரிய ஸேய் வரும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலையைச் சொல்கிறேன், கையில் வாங்கிக்கொள். உப்புத்தண்ணீரிலிருந்து ஏறியதும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் கொடுத்துக் கழுவு. ஓடும்போது பின்பக்கம் ஒரு சின்னத் துளையால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார். அது நின்றால் எஞ்சினுக்குக் குளிர்ச்சி இல்லை, உடனே நிறுத்து. அந்தத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சில்லை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று, பழுதாகும் வரை காத்திராதே. குளிர்காலத்துக்கு முன் கியர் எண்ணெயை மாற்று. உள்ளே தண்ணீர் இருந்து உறைந்தால் கியர்ப் பெட்டியே வெடிக்கும். பெற்றோல் 98 போடு. 95இல் எத்தனோல் கூட, அது ஈரத்தை இழுக்கும். தாங்கியை நிரப்பியே வை. வடிகட்டி போடாமல் ஒருநாளும் கடலுக்குப் போகாதே.

சிவப்புச் சுருள் நாடா ஒன்று எஞ்சின் சாவியோடு வரும். அதைக் கையிலோ காலிலோ மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். நீ விழுந்தால் எஞ்சின் நிற்கும். மாட்டாமல் விழுந்தால் படகு உன்னை விட்டுப் போகும், அல்லது வட்டம் போட்டுத் திரும்பி உன் மேலேயே வரும். இரண்டும் நடந்திருக்கிறது.

2015 மே மாதத்திலிருந்து 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது வெளியே இருக்கிற எல்லாரும் அங்கி போட்டிருக்க வேண்டும் என்று சட்டம். காற்று ஊதுகிற வகை வாங்கினால், ஒவ்வொரு வசந்தத்திலும் அதைத் திறந்து காஸ் குப்பி இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் முறுக்கிப் பார். கால்களுக்கு இடையே போகும் வாரைக் கட்டு, இல்லாவிட்டால் அங்கி தலைக்கு மேலே கழன்று போகும். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அதை அடக்கு. பிறகு பத்து நிமிடம்தான் கையும் விரலும் நீ சொல்வதைக் கேட்கும். ஏறுவதற்கு ஏணியைத் தண்ணீரில் இருந்துகொண்டே இழுத்து இறக்க முடிகிறதா என்று துறையில் வைத்துச் செய்து பார். கோடையில், சிநேகிதி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வீஎச்எஃப் வானொலி வாங்கு, அலைவரிசை 16 எப்போதும் திறந்திருக்கட்டும். கைத்தொலைபேசியில் 120 அழைத்தால் கடல் அவசர உதவி. 1891இல் தொடங்கிய கடல் மீட்புச் சங்கத்தில் உறுப்பினராகு, எஞ்சின் நின்றால் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள். நான் கூச்சப்பட்டேன். நீ கூச்சப்படாதே.

மீன் விஷயம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ என் மடியில் இருந்தே பார்த்தவள். பில்க், அந்த உலோகப் பொய்யிரை, அடியைத் தொட்டதும் ஒரு மீற்றர் தூக்கு. தொஷ்க், அதாவது கொட் மீன், 44 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் விடு. க்வைத்த, அந்தத் தட்டை மீன், 84க்குக் கீழேயும் விடு, இரண்டு மீற்றருக்கு மேலேயும் விடு. பெரிய க்வைத்தவை உயிரோடு படகுக்குள் இழுக்காதே, அது காலை முறிக்கும். பிடித்ததும் தொண்டையை அறுத்து இரத்தம் வடிய விடு. தலையை எறியாதே, ஒடியல் கூழுக்குத் தொஷ்க் தலை போல ஒன்றும் வராது.

இன்னொன்று சொல்ல மறந்தேன். 1956இல் குருநகரிலிருந்து அன்ரனி இராசேந்திரம் இந்த நாட்டுக்கு வந்தார். இங்கே காசு சேர்த்துத்தான் பிறகு காரைநகரில் சீநோர் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வந்தன. சின்ன வயதில் மயிலிட்டிக் கரையில் சீநோர் படகைக் கண்டால் நாங்கள் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்போம், மரம் போல் இல்லாமல் வழவழவென்று இருக்கும். இங்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வந்த முதல் வாரம், துறைமுகத்தில் அதே மாதிரிப் படகைக் கண்டு கையை வைத்து நின்றேன். உன் படத்தைப் பார்த்ததும் கை அங்கேதான் போனது. அதனால் நீ வாங்குவது எனக்கு விருப்பமில்லை என்று நினைக்காதே.

ஜூனில் வருகிறேன். விமானத்தில் இல்லை, ஹூர்டிகுருத்தன் கப்பலில் போட்ஸ்ஃபியோர்டில் ஏறிப் பூடோவில் இறங்குவேன். அந்த மனிதர் போட்டுவிட்டுப் போன கயிறு இன்னும் கொட்டிலில் இருக்கிறது. நேற்று இறக்கி, கையை விரித்து விரித்து அளந்தேன். 80 மீற்றர். நீ இன்னொரு 40 மீற்றர் வாங்கி வை, மூன்று மீற்றர் சங்கிலியும் வாங்கு. சேர்க்கிற முடிச்சை நான் வந்து போட்டுத் தருகிறேன்.

அதுவரை அந்தப் படகுக்கு முற்பணம் கொடுக்காதே. நாளைக்குச் சுத்தியல் கொண்டு போய்ப் பின்பலகையைத் தட்டு. தட்டும்போது தொலைபேசியைப் பக்கத்தில் பிடி, நானும் கேட்கிறேன்.

அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னா. இந்தக் கடிதத்தை அவவுக்கு இன்று இரவு வாசித்துக் காட்டப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா