காதில்லாத ஊசியும் என் வலது முட்டியும்

என் முட்டிக்காக மெனக்கெட்ட எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "அக்கா, உங்களுக்கு அக்குபங்சர் ஊசி குத்தினாங்களே, அந்த அட்ரஸ் குடுங்களேன்." கொடுத்தேன். கொடுத்த பிறகு மனசு உறுத்தியது. நான் படியேறுவதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஊசிக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடுகிறார்கள். ஊசி குத்திய அம்மாவே அதை ஒத்துக்கொள்ள மாட்டார். யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்துவிட்டால் கணக்கு நேராகும் என்று தோன்றியது. அதுதான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்காக: எனக்கு வயது 58. தையல் தொழில். 32 வருஷம் மிதி மிஷின். வலது முட்டியில் மூட்டுத் தேய்மானம். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து நிமிஷம் முட்டி மடங்காது, பிறகு கொஞ்சம் இளகும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. மிஷினை விட்டு எழுந்திருக்க மேஜையில் இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். மடக்கி நீட்டினால் நெறநெறவென்று மணலை அரைக்கிற சத்தம்.

முதலில் போன ஓர் இடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பதினைந்து நாள் படுக்க வைத்து, சூடு வைத்தார்கள், கரன்ட் வைத்தார்கள். படுத்திருக்கும்வரை சுகமாகத்தான் இருந்தது. கடைசி நாளில், "தேஞ்சு போச்சும்மா, இனிமே நடக்கறதைக் குறைச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சொன்னதைக் கேட்கிற பெண் நான். எட்டு மாதம் நடையைக் குறைத்தேன். ஒருநாள் சும்மா இருக்கும்போது அளவு நாடாவை எடுத்து, முட்டிச் சிப்பிக்கு ஆறு அங்குலம் மேலே இரண்டு தொடையையும் அளந்து பார்த்தேன். இடது பதினேழரை, வலது பதினாறே கால். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள் என் காலை எட்டு மாதம் அளக்காமல் விட்டிருக்கிறேன்.

அந்த நாடாவோடு போய் நின்றபோது சிரிக்காமல் கேட்டவர் எலும்பு மூட்டு டாக்டர். முதல் நன்றி அவருக்கு. எக்ஸ்ரேயைப் பார்த்து மூன்றாம் நிலை என்றார். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957இல் வகுத்த அளவுகோலாம். பூஜ்யத்திலிருந்து நாலு வரை போகிறது. மூன்று என்றதும் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எக்ஸ்ரேயை வச்சுக்கிட்டு வலி அதிகமில்லாம நடமாடறவங்களும் இருக்காங்கம்மா" என்றார். தேய்கிற குருத்தெலும்பில் வலி நரம்பே கிடையாதாம். அடியில் இருக்கிற எலும்பு, மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்வு, தசைநார், தசை, இவைதான் வலிக்கின்றன. காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா, மூட்டு சிவந்து சுடுகிறதா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வேறு வாதநோய் இல்லை என்று தெளிவு செய்துகொண்டார். அந்தக் கேள்விகளை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுங்களேன் என்று நானே கேட்டேன். வீங்கித் தாங்க முடியாத நேரத்தில் அதற்கும் வேலை உண்டு என்றார். ஆனால் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த ஊசியும் மறுபாதிக்கு பிசியோதெரபியும் கொடுத்த ஆராய்ச்சி 2020இல் வெளிவந்ததையும், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது பிசியோதெரபி பக்கம்தான் வலியும் சிரமமும் குறைந்திருந்ததையும் பொறுமையாகச் சொன்னார். "பன்னெண்டு வாரம் ஒழுங்கா செய்யுங்க. ஆபரேஷன் எங்கயும் ஓடிடாது." டாக்டர், இந்த ஒரு வாக்கியத்தில் பயத்தையும் அவசரத்தையும் சேர்த்து இறக்கி வைத்துவிட்டீர்கள்.

அடுத்து பிசியோ தம்பி. என் மகன் வயதுதான் இருக்கும்.

முதல் நாள் ஒரு டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, "இதை நசுக்குங்கம்மா" என்றான். இவ்வளவுதானா என்று நினைத்தேன். இடது கால் நசுக்கியது. வலது கால் நசுக்கவில்லை. மனசு உத்தரவு போடுகிறது, தொடை அசையாமல் கிடக்கிறது. தம்பி என் கையை எடுத்துத் தொடையின் உள்பக்கம், சிப்பிக்குச் சற்று மேலே வைத்தான். இடது காலில் அந்த இடம் கல் மாதிரி திரண்டது. வலது காலில் ஊறிய துணி மாதிரி இருந்தது. "தசை செத்துடலைம்மா. மூட்டு வலிச்சா, நீர் கோத்தா, நரம்பே அந்தத் தசையை அணைச்சு வச்சிடும். நாம திரும்பப் போடணும், அவ்வளவுதான்." தேய்ந்து போனதை என்ன செய்ய முடியும் என்று உட்கார்ந்திருந்தவளுக்கு, அணைந்து கிடப்பது என்ற பேச்சு வேறு மாதிரி கேட்டது.

முப்பது நொடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறேன் என்று எண்ணினான். ஆறு. கைத்தடியை இத்தனை நாளும் வலிக்கிற பக்கமே பிடித்திருந்தேன். அதைப் பிடுங்கி இடது கையில் கொடுத்தான். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்தான் தடி இருக்க வேண்டுமாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். உடற்பயிற்சி செய்யும்போது பத்துக்கு நாலு ஐந்து வரை வலித்தால் பயப்படாதே, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் அடுத்த தடவை குறைத்துக்கொள் என்று ஒரு கணக்கும் கொடுத்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழுகிற பாரம் சுமார் நாலு கிலோ குறையும் என்றும் சொன்னான். அதை அவன் சொன்ன விதத்தில் என் எடையைக் குத்திக்காட்டுகிற தொனி இல்லை. அதற்குத் தனியாக ஒரு நன்றி, தம்பி.

ஆனால் மூன்றாவது வாரம் நான் கவிழ்ந்துவிட்டேன். வலி ஏழு. டவலைப் பார்த்தாலே எரிச்சல். இரண்டு தடவை போகவில்லை. தம்பி போன் செய்தான். திட்டுவான் என்று பார்த்தால், "வலி உங்களைச் செய்ய விடலைன்னா முதல்ல அதைக் கொஞ்சம் அடக்குவோம்" என்று அதே இடத்துக்கு வாரம் இரண்டு நாள் வருகிற அக்குபங்சர் அம்மாவிடம் சேர்த்துவிட்டான்.

ஊசி என்றால் எனக்குப் பயமில்லை, விரலில் ஏறாத ஊசியா! இருந்தாலும் எங்கே, காட்டுங்கள் என்று கேட்டேன். தொழில் புத்தி. அந்த அம்மா உறையைப் பிரித்துக் காட்டினார். காது கிடையாது, உள்ளே துளையும் கிடையாது, வெறும் கம்பி. தடிமன் 0.30 மில்லிமீட்டர். நான் மிஷினில் போடுகிற 14ஆம் நம்பர் ஊசி 0.90. மூன்றில் ஒரு பங்கு! இதில் நூல் கோக்க முடியாதே என்றேன். இருவரும் சிரித்தோம்.

குத்துவதற்கு முன் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, முட்டியில் புண் ஏதும் இருக்கிறதா, ஊசியைக் கண்டால் மயக்கம் வருமா என்று விசாரித்தார். எட்டு ஊசி. சிப்பிக்குக் கீழே இரண்டு பக்கக் குழியிலும் ஒவ்வொன்று, மீதி தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும். நுழைவது எறும்பு கடிக்கிற அளவுகூட இல்லை. உள்ளே போய் லேசாகத் திருகியதும் ஒரு கனம் வரும், ஈரச் சாக்கை அந்த இடத்தில் வைத்தது போல. வர வேண்டியது அதுதான் என்பார். 25 நிமிஷம் அப்படியே.

இறங்கி நடந்தேன். வலி ஏழிலிருந்து நாலுக்கு வந்திருந்தது. நான் கும்பிடவே போய்விட்டேன். அந்த அம்மா கையைத் தடுத்து உட்கார வைத்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. 2014இல் ஆஸ்திரேலியாவில் 282 பேருக்குச் செய்த ஆராய்ச்சியில், உண்மை ஊசி குத்திக்கொண்டவர்களும், ஊசிக்குப் பதிலாக வேலை செய்யாத லேசரைக் காட்டி ஏமாற்றப்பட்டவர்களும் வலியில் பெரிதாக வேறுபடவில்லையாம். முட்டித் தேய்மானத்துக்கு அக்குபங்சரை 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு நிபந்தனையோடு பரிந்துரைத்தது. 2022இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பு கொடுக்க வேண்டாம் என்றது. உடற்பயிற்சி வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. "என் ஊசியால ரெண்டு நாள் லேசா இருக்கும். அந்த ரெண்டு நாளைத் தூங்கிக் கழிச்சா நான் குத்தினது வீண்." தன் தொழிலைப் பற்றித் தானே இப்படிச் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. என் துணி சாயம் போகும் என்று நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?

அப்புறம் திங்களும் வியாழனும் காலையில் ஊசி, அன்று சாயங்காலமே டவல், நாற்காலி, படி. நாலு வாரம், எட்டுத் தடவை. ஊசி தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஒருநாள் வலது தொடை கைக்கு அடியில் திரண்டது. மிஷின் ஓடிக்கொண்டிருந்த அறையில் நான் போட்ட கூச்சலில் கடைப் பெண் கத்தரியைக் கீழே போட்டாள்.

டிரை நீட்லிங் என்று தசை முடிச்சில் ஊசி குத்துகிற முறையும் உண்டு, அது அக்குபங்சர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஊசி ஒன்றேதான், குறி வைப்பதுதான் வேறு. தம்பியின் சீனியர் ஆறாவது வாரம் என் தொடையின் வெளிப்பக்கத்தைத் தடவி, முறுக்கேறிய கயிறு மாதிரி ஒரு தசையையும் அதில் ஒரு முடிச்சையும் கண்டுபிடித்தார். மருந்தில்லாமல் வெறும் ஊசியே இப்படிப்பட்ட இடங்களில் வலியைக் குறைப்பதைச் செக்கோஸ்லோவாக்கியாவின் டாக்டர் கரேல் லெவிட் 1979இல் எழுதியிருக்கிறாராம். முடிச்சில் ஊசி பட்டதும் தசை தானாகத் துள்ளியது, மிஷினில் நூல் சிக்கித் துணியைச் சட்டென்று இழுக்குமே, அந்த மாதிரி. இது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் முழுக்கத் தொடை கடுத்தது, காசு அளவுக்கு ஒரு நீலம். மூன்றாம் நாள் முட்டியை மடக்க முன்னைவிட இலகுவாக இருந்தது. இரண்டே தடவையோடு போதும் என்று அவரே நிறுத்திவிட்டார். போதும் என்று சொன்னதற்கு நன்றி, சார்.

கடைப் பெண்ணுக்கு வருகிறேன். அம்மாடி, உன்னைத் திட்டாத நாளில்லை. இஸ்திரிப் பெட்டியை, கத்தரியை, நூல் டப்பாவை எல்லாம் என் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, "நீங்களே எந்திரிச்சு எடுங்கக்கா" என்றாய். நான் எழும்போதெல்லாம் கஸ்டமர் முன்னாலேயே "பதினேழு, பதினெட்டு" என்று எண்ணினாய். மானம் போயிற்று. முட்டி வந்தது. மிஷினுக்கு மோட்டார் பொருத்தியவருக்கும், என் ஸ்டூலை நாலு அங்குலம் உயர்த்திக் கொடுத்த தச்சருக்கும் நன்றி. உயரமான இருக்கையிலிருந்து எழுவது எவ்வளவு சுலபம் என்பது தாழ்வான இருக்கையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கும். ஒரு முட்டியை மாற்றிக்கொண்டு, இன்னொரு முட்டிக்காகப் பயிற்சிக்கு வந்தவர். ஆபரேஷன் செய்தாலும் இதே டவல்தான் என்று அவர் சொன்ன பிறகு நான் முணுமுணுப்பதை நிறுத்தினேன்.

பன்னிரண்டாவது வாரக் கணக்கு: முப்பது நொடியில் பதினொன்று. எடை நாலு கிலோ குறைவு. வலது தொடை பதினாறே முக்கால், அரை அங்குலம் ஏறியிருக்கிறது. வலி மூன்று. போய்விடவில்லை. ஒன்பதாவது வாரம் அவசர ஆர்டருக்காக ஒன்பது மணி நேரம் எழாமல் உட்கார்ந்தபோது முட்டி மறுபடி வீங்கியது. தம்பி சொன்னபடி எண்ணிக்கையைப் பாதியாக்கி நாலு நாளில் சமாளித்தேன். அப்போது ஊசிக்கு ஓடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். அட்ரஸ் கேட்ட மூன்று பேரும் தாராளமாகப் போங்கள், ஆனால் பிசியோ தம்பியின் நேரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் இடத்தில் டவல்கள் நைந்து போயிருப்பதைப் பார்த்தேன். உருளைத் தலையணை பன்னிரண்டு தைத்து வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன். உறையைக் கழற்றித் துவைக்க ஜிப் வைத்திருக்கிறேன். ஜிப் இருக்கிற பக்கம் முட்டிக்கு நேராக வராமல் கீழே திருப்பி வையுங்கள், உறுத்தும்.