அந்த ஒன்பது இலக்கக் கட்டம்: ஓர் அக்காவுக்குக் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உங்கள் மகனின், நான் தம்பி என்று கூப்பிடுபவனின், கல்லூரி உதவித்தொகைப் படிவத்தைத் திறந்தோம். அமெரிக்க அரசு தரும் ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் கட்டம் திரையில் வந்ததும், நீங்கள் ஒரு சொல்லும் பேசாமல் மடிக்கணினியை மூடிவிட்டு உலை வைக்க எழுந்து போனீர்கள். உங்களைப் போன்ற வேறு தாய்மாரும் படிக்கட்டும் என்பதால், பெயர் சொல்லாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்று நாம் திறந்ததே தவறான படிவம். அந்தத் தவறு என்னுடையது. அது ஃபாஃப்சா என்னும் மத்திய அரசின் படிவம். தம்பியைப் போல் குடியேற்ற ஆவணமற்ற மாணவருக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் இல்லை, கடனும் இல்லை என்னும்போது, கிடைக்காத பணத்துக்காகக் குடும்ப விவரத்தை வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டியதில்லை. தம்பி நிரப்ப வேண்டியது கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம். 2011-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே வந்த அதை மாநில ஆணையம்தான் வாங்கிப் பரிசீலிக்கிறது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை அதில் காலியாக விடலாம். வரி கட்டுவதற்காக நீங்கள் வாங்கியிருக்கும் ஐடிஐஎன் எண்ணும் ஒன்பது இலக்கம்தான். ஆனாலும் அதை அங்கே எழுதிவிடாதீர்கள்.

இதனுடன், சேரும் கல்லூரியில் ஏபி 540 உறுதிமொழியையும் கொடுக்க வேண்டும். இங்கே மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறியவருக்கு, குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் கிடையாது என்பது 2001-இல் வந்த அந்தச் சட்டத்தின் சாரம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அந்தக் கூடுதல் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். சமுதாயக் கல்லூரியிலோ உள்ளூர்க் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவின் ஓர் அலகுக்கு, 46 டாலர். 12 யூனிட் எடுத்தாலும் ஒரு பருவத்துக்கு 552 டாலர். வருமானம் குறைந்த குடும்பமென்றால் அதையும் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். முதல் இரண்டாண்டை அங்கே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதே தம்பிக்கு நல்லது என்பது என் எண்ணம். பெரிய பெயருள்ள கல்லூரியில்தான் தொடங்க வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிப்பான் என்பதும் தெரியும்.

வாடகை குறைவு என்று டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்குக் குடிபெயர நினைப்பதாகச் சொன்னீர்கள். ஆவணமற்ற மாணவருக்கு இத்தகைய கட்டணச் சலுகையை 2001-இல் முதலில் தந்த மாநிலம் டெக்சாஸ்தான், ஆனால் 2025 ஜூனில் நீதிமன்ற ஆணையால் அது நின்றுபோனது. தம்பி பள்ளி முடிக்கும் வரையாவது இங்கேயே இருங்கள். சிறுவயதில் வந்த ஆவணமற்றவர்களை நாடுகடத்தலிலிருந்து தற்காலிகமாகக் காக்கும் டாகா திட்டத்தை நம்பியும் காத்திருக்க வேண்டாம். 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்பவர்களுக்கு மட்டுமே அது.

கலிபோர்னியா மாநிலம் தரும் ‘கால் கிராண்ட்’ உதவித்தொகைக்கு வழக்கமான கடைசி நாள் மார்ச் 2. வரும் ஞாயிறு தமிழ்ப் பள்ளி விட்டதும் வருகிறேன். தம்பியின் மதிப்பெண் பட்டியலையும் உங்கள் வரிக் கணக்குத் தாள்களையும் எடுத்து வையுங்கள். குடியேற்றம் பற்றிய கேள்விகளை மட்டும் என்னிடம் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள், அக்கா. ஒரு தவறு செய்தது போதும்.

அன்புடன்,
உங்கள் தம்பி