வேர்ல்ட் பில்டர் குழுவினருக்கு ஒரு நன்றி மடல்

புவித்தட்டுக் கணக்கீடுகளுக்குத் தொடக்க நிலையை அமைத்துத் தரும் மென்பொருளான ஜியோடைனமிக் வேர்ல்ட் பில்டரை எழுதியவர்களுக்கும், அதைச் சோதித்து, திருத்தி, விளக்கம் எழுதி இன்றுவரை பராமரித்து வருகிறவர்களுக்கும் வணக்கம்.

புவித்தட்டுகளின் நகர்வைக் கணினியில் கணக்கிடும் துறையில் எல்லாரும் பேசுவது முடிவுகளைப் பற்றித்தான். கணக்கு தொடங்கும்போது பூமி எந்த நிலையில் இருந்தது என்று அமைத்துக் கொடுக்கிற வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் ஆளை மாதக்கணக்கில் பிடித்து வைப்பது அந்த வேலைதான். நீங்கள் கைகொடுத்தது சரியாக அந்த இடத்தில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கடல் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தட்டு அமிழத் தொடங்கும் இடத்தில் கடலடியில் உருவாகும் அகழி நேர்கோட்டில் ஓடி, அமிழும் கோணமும் மாறாமல் இருந்தால் ஒரு சின்னச் சூத்திரமே போதும். இயற்கையில் அப்படி எங்கே அமைகிறது? மேற்குப் பசிபிக்கின் மரியானா அகழியில் தட்டு ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. நடு சிலிக்குக் கீழேயோ சுமார் 100 கி.மீ. ஆழத்தில் படுத்தவாக்கில் நீண்டு போகிறது. அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் அகழி வில்லாக வளைந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட தட்டின் வெப்பநிலையைக் கணினிக்குச் சொல்ல வேண்டுமானால், பூமிக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு தூரங்கள் தெரிய வேண்டும். தட்டின் மேற்பரப்பிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது ஒன்று. அகழியில் தொடங்கி தட்டின் வழியே அது எவ்வளவு கீழே இருக்கிறது என்பது இன்னொன்று. வளைந்த தட்டில் இதைக் கண்டுபிடிப்பதே பாடு. கோள வடிவப் பூமியில் இன்னும் பாடு. ஆளாளுக்குத் தங்கள் மாதிரிக்காக இந்த நிரலைத் தனியாக எழுதுவார்கள். ஆய்வு முடிந்ததும் அது கிடப்பில் போய்விடும். அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த நிரலை நீங்கள் ஒருமுறை நன்றாக எழுதி, எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டீர்கள். இப்போது நான் எழுதுவது ஒரு ஜேசான் கோப்பு (தரவை எளிய உரையாக எழுதும் வடிவம்) மட்டும். அகழி எந்தெந்தப் புள்ளிகள் வழியாகப் போகிறது, தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது, ஒவ்வொரு துண்டின் நீளமும் தடிமனும் கோணமும் என்ன என்று அதில் சொன்னால் போதும். கடல் தட்டுக்கு, புதிய தட்டு பிறக்கும் நடுக்கடல் முகட்டின் இடத்தையும் விரிவடையும் வேகத்தையும் கொடுத்தால், ஒவ்வோர் இடத்திலும் தட்டின் வயதைக் கணக்கிட்டு, அந்த வயதுக்கு ஏற்ற குளிர்ச்சியை மென்பொருளே தந்துவிடுகிறது. கண்டத் தட்டு, தட்டுகளுக்குக் கீழுள்ள கவச (மேன்டில்) அடுக்கு, பிளவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை மாற்றலாம், அல்லது அதன்மேல் கூட்டலாம், கழிக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கோப்பு புவியியலாளர் பேசுகிற மொழியிலேயே இருப்பதுதான். நிரல் எழுதத் தெரியாத ஒரு கள ஆய்வாளரிடம் அதைக் காட்டினால், "இங்கே சாய்வு இவ்வளவு இருக்காதே" என்று உடனே சொல்ல முடிகிறது. சூத்திரமாக எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. கட்டுரையோடு இந்தக் கோப்பையும் வெளியிட்டால், படிக்கிறவர் அதே பூமியிலிருந்து தன் கணக்கைத் தொடங்கலாம். அறிவியலுக்கு இது சிறிய உதவி அல்ல.

மென்னோ ஃப்ராட்டர்ஸும் உடன் எழுதியவர்களும் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முடிவு இருக்கிறது. இந்த மென்பொருள் ஒரே ஒரு கணக்கீட்டு நிரலோடு கட்டிப்போடப்படாமல் தனி நூலகமாக இருக்க வேண்டும் என்பது அது. சி++ மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் சி, ஃபோர்ட்ரான், பைத்தான் வழியாகவும் அழைக்கலாம். நான் ஆஸ்பெக்ட் என்ற புவி இயக்கக் கணக்கீட்டு நிரலோடு பயன்படுத்துகிறேன். பழைய ஃபோர்ட்ரான் நிரலை இன்னும் நம்பியிருக்கும் நண்பருக்கும் இதே கோப்பு போதுமானதாக இருக்கிறது. இப்படி விட்டுக்கொடுத்து வடிவமைக்க எல்லாருக்கும் மனம் வராது.

அப்புறம், பெயர் தெரியாதவர்களுக்கு. கையேட்டில் ஒவ்வொரு அளவுருவும் மீட்டரிலா, கெல்வினிலா, பாகையிலா என்று எழுதி வைத்தவருக்கும், படிப்படியான பயிற்சிப் பாடங்களை எழுதியவர்களுக்கும் நன்றி. நிரலில் ஒரு வரி மாறினாலும் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் தானாக ஓடும் சோதனைகளைக் கட்டியவர்களுக்கும் நன்றி. கணக்கைத் தொடங்கும் முன்பே என் தட்டை, முப்பரிமாணப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் திருப்பித் திருப்பிப் பார்க்க வழிசெய்த சின்னக் கருவியை எழுதியவருக்குத் தனி நன்றி. அது எத்தனை மணிநேரக் கணினி வேலையை மிச்சப்படுத்துகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பெக்ட், அதற்கு அடித்தளமான கணித நூலகம் டீல்.II, பாராவியூ ஆகியவற்றை இலவசமாகத் தந்து காத்துவருகிறவர்களும் இந்த நன்றியில் பங்கு உள்ளவர்களே.

கோணம் மாறும் வளைந்த அகழி ஒன்றுக்காக நான் அமைத்த கோப்பை, ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதி, எடுத்துக்காட்டுகளில் சேர்க்கத் தயார் செய்து வைத்திருக்கிறேன். விரைவில் அனுப்புகிறேன். திருத்தம் வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் மென்பொருளில் வேலை செய்யும் ஒரு புவி இயற்பியல் மாணவர்