தடி யார் கையில்

அன்புள்ள கண்ணு,

உன் நீளமான கடிதம் வந்தது. வரி என்பது சட்டத்தின் பேரில் நடக்கும் பறிப்பு, அரசாங்கம் என்பது சீருடை போட்ட கும்பல் என்று எழுதியிருக்கிறாய். பெங்களூரு போனதிலிருந்து பிள்ளை ஒரு மாதிரி ஆகிவிட்டாள் என்று அம்மா புலம்புகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி நியாயமானதுதான். சாட்சிகளை மட்டும் அமெரிக்காவிலிருந்தே பிடித்திருக்கிறாய்.

நீ காட்டிய அமெரிக்க எழுத்தாளர் லைசாண்டர் ஸ்பூனர் 1870-இல் கேட்டதை ரசித்தேன். அரசியல் சட்டத்தில் நான் எங்கே கையெழுத்துப் போட்டேன், போடாத பத்திரம் என்னை எப்படிக் கட்டும் என்கிறார். 1844-இல் தனியாகத் தபால் கம்பெனி தொடங்கி, அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி மூட வேண்டி வந்தவர், கோபம் இருக்காதா? சம்பளத்துக்கு வரி போடுவது கட்டாய வேலை வாங்குவதற்குச் சமம் என்று உன் இன்னொரு சாட்சி, அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-இல் எழுதினார். சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அது சரியென்றுதான் படும்.

ஆனால் சேலத்துக்காரி இதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? ஏற்காடு பஸ் அஸ்தம்பட்டி தாண்டும்போது மத்திய சிறையின் மதிலைப் பார்த்திருப்பாய். 1950 பிப்ரவரி 11, குடியரசாகி 16 நாள். உள்ளே இருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது சுட்டதில் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் பக்கத்து ஆட்கள். பூட்டிய மதிலுக்குள் இருந்தவர்கள், எங்கே ஓடியிருப்பார்கள்?

அப்புறம் ராஜாஜி. 1959-இல் சுதந்திராக் கட்சி கண்டு 'பர்மிட் லைசென்ஸ் ராஜ்', எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கவைக்கும் ஆட்சி, என்று வெளுத்து வாங்கியவர், அரசாங்கத்தின் கை சுருங்க வேண்டும் என்கிற உங்கள் ஆட்களுக்குப் பிடித்தமானவர், நம் சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அவரே அதற்கு முன்பு ஆட்சிக்கு வந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் எங்கே கொண்டுவந்தார் தெரியுமா? இதே சேலம் ஜில்லாவில். கள் இறக்கியவர்கள் பிழைப்பு ஒரே சட்டத்தில் போயிற்று. கலால் வருமானம் விழுந்ததை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. நீ திட்டுகிற ஜிஎஸ்டிக்கு அதுதான் பாட்டி. நாற்காலிக்கு வெளியே இருக்கும்வரை எல்லாரும் சுதந்திரம்தான் பேசுவார்கள்.

2018-இல் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளந்ததை நான் நேரில் பார்த்தேன். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கல் நட வந்தவர்களைவிடக் கூட வந்த போலீஸ்தான் அதிகம். குழிக்குப் பக்கத்தில் ஒரு வயசான அம்மா காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "நட்டா நட்டுக்கோ, நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார். இரண்டு பெண் போலீஸ் அவரை அப்படியே தூக்கி வேனில் ஏற்ற, கீழே கிடந்த ஒற்றைச் செருப்பை ஒரு பையன் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். 2019-இல் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்றது. சொத்துரிமை 1978-லேயே அடிப்படை உரிமைகளை விட்டுப் போய்விட்டதே.

இதுவரை உன் பக்கம்தான் பேசியிருக்கிறேன். இனி என் சந்தேகம்.

அந்த அம்மா வீட்டு வாசலில் கந்துவட்டிக்காரன் நாலு ஆளோடு வந்து நின்றால், அவர் ஓட வேண்டியதும் அதே போலீசிடம்தான். 2003 சட்டம் அதற்காக வந்தது. கடனுக்குத் தலைமுறையாக உழைத்தவர்களைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் மீட்டது, அதற்கும் தாசில்தார் போக வேண்டியிருந்தது. உன் நோசிக்கோ, ஒருவன் மனமொப்பித் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளலாம் என்கிறார். பசியில் வைக்கிற கைநாட்டு என்ன மனமொப்புதல்?

எம்.பி.டி. ஆச்சார்யாவையும் தேடிப் படி. 1887-இல் சென்னையில் பிறந்தவர். 1920-இல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு அரசே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்ட் ஆனார். அவர் அரசாங்கத்தையும் முதலாளியையும் சேர்த்தே எதிர்த்தார். உங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

கந்துவட்டிக்காரனை என்ன செய்வாய் என்று எழுது. தனியார் காவல் கம்பெனி என்று மட்டும் எழுதாதே, அதற்குக் காசு அவனிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று, ஜூலை 31-க்குள் வருமான வரி ரிட்டர்ன் போட்டுவிடு. ரீஃபண்டு வரும் என்று நீதானே சொன்னாய்.

அப்பா